பஃபர் தயாரிப்பு முழு வழிகாட்டி: மோல் கணக்கிலிருந்து லேபிள் ஒட்டும் வரை

உயிர்வேதியியல் முதலாண்டில் மோல், மடக்கை, அமில-காரச் சமநிலை, அயனி வலிமை எல்லாம் தனித்தனிப் பாடங்களாக வருகின்றன. ஆய்வகத்தில் அவை அனைத்தும் ஒரே பாட்டிலுக்குள் வந்து உட்காரும். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச்-ஐ (அமில-காரத் தன்மையின் அளவை) அதிகம் மாறவிடாத அந்தக் கரைசலைப் பாடநூல் தாங்கல் கரைசல் என்கிறது. மேசையில் நின்று வேலை செய்பவர்கள் வாயில் அது பஃபர்தான்.

முதலாண்டு மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதில் ஒன்று புரிந்தது. சமன்பாடு தெரியாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. தேர்வில் அழகாகப் போட்ட கணக்கை ஆய்வகத்தில் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தூளைக் கொட்டி, பி.எச் மீட்டரில் ஓடும் எண்ணைத் துரத்திக்கொண்டே அமிலம் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

ஆகவே இந்த வழிகாட்டியில் கடைசி வரை கூடவே வரும் பழக்கம் ஒன்று உண்டு. மீட்டர் என்ன காட்டப்போகிறது என்பதை, மீட்டரைத் தொடும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒத்துப்போகாவிட்டால், எங்கே பிசகியது என்பதை அந்த வித்தியாசமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

நாம் தயாரிக்கப்போவது: 50 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், 500 மி.லி., 25 டிகிரி செல்சியஸில் பி.எச் 7.5. அதற்குப் பிறகு பாஸ்பேட், ஏனென்றால் அதில் விழும் குழி வேறு.

## 1. தொடங்கும் முன்

மேசையில் இருக்க வேண்டியவை: தராசு, 600 மி.லி. பீக்கர், காந்தக் கலக்கி, பி.எச் மீட்டர், அதை அளவுதிருத்த, பி.எச் முன்பே தெரிந்த தர பஃபர்கள் (7-உம் 10-உம்), 500 மி.லி. அளவுக்குடுவை அல்லது அளவு ஜாடி, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிப்பெட், தூய நீர், கையுறை, கண்ணாடி.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார் இருக்கும். 1 மோலாரில் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் ஏறத்தாழ 83 மி.லி. எடுத்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, பாதிக்கு மேல் நீர் உள்ள பாத்திரத்தில் மெதுவாக ஊற்றி, பிறகு அளவுக்கு நிரப்புங்கள். நீரில்தான் அமிலம், அமிலத்தில் நீர் ஒருபோதும் இல்லை. கிளம்பும் வெப்பத்தில் தெறித்துவிடும்.

மனத்தில் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மில்லிமோல் என்பது எவ்வளவு பொருள் என்பதன் அளவு. மில்லிமோலார் என்பது அது எவ்வளவு நெருக்கமாகக் கரைந்திருக்கிறது என்பதன் அளவு. சோதித்துப் பாருங்கள்: 1 மோலார் கரைசலில் 10 மி.லி. எடுத்து 500 மி.லி. ஆக்கினால் செறிவு என்ன? அதில் உள்ள பொருள் எவ்வளவு? 20 மில்லிமோலார், 10 மில்லிமோல் என்று இரண்டு விடையும் தயங்காமல் வந்தால் தொடரலாம். வராவிட்டால் இன்று தூளைத் தொடாமல் இதையே அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

## 2. முதலில் பி.எச், அதன் பிறகே வேதிப்பொருள்

அலமாரியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு "இதில் 7.5 வருமா" என்று கேட்பது தலைகீழ் வழி. உங்கள் என்சைமுக்கு எந்த பி.எச் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குப் பக்கத்தில் பி.கே.ஏ (அமில வடிவமும் கார வடிவமும் சரிபாதியாக இருக்கும் பி.எச்) உள்ள பொருளைத் தேடுங்கள். 25 டிகிரியில் அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, ஹெப்பெஸ் என்ற பஃபர் பொருளுக்கு சுமார் 7.5, டிரிஸுக்கு 8.07. பாஸ்பாரிக் அமிலத்தின் இரண்டாவது பி.கே.ஏ 7.20 என்று பாடநூல் சொல்லும். அந்த எண்ணோடு ஒரு வழக்கு இருக்கிறது, 9-ஆம் படியில் பார்ப்போம்.

பி.கே.ஏ-யிலிருந்து ஒரு அலகுக்கு மேல் விலகக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் எளிது. ஒரு அலகு விலகினால் இணை காரமும் (புரோட்டானை விட்ட வடிவம்) அமிலமும் 10-க்கு 1 என்ற விகிதத்துக்கு வந்துவிடும். குறைவாக இருக்கும் பக்கம் சீக்கிரம் தீர்ந்துபோகும், தாங்குவதற்கு ஆள் இருக்காது.

நாம் எடுத்த உதாரணத்தையே பார்ப்போம். பி.எச் 7.5-ல் டிரிஸில் ஐந்தில் ஒரு பங்குதான் கார வடிவத்தில் இருக்கும். அந்த பஃபரில் 100 மி.லி. எடுத்து அதில் 0.1 மோலார் அமிலம் 1 மி.லி. விட்டால் பி.எச் 0.05 அளவுக்கே இறங்கும். அதே அமிலத்தை 100 மி.லி. தூய நீரில் விட்டிருந்தால் பி.எச் நேரே 3-க்குப் போயிருக்கும். பஃபர் வேலை செய்கிறது, மகிழ்ச்சி. ஆனால் 1 மி.லி.க்குப் பதில் 10 மி.லி. விட்டுப் பாருங்கள்: 7.5 என்பது சுமார் 6.2-க்குச் சரியும். இருந்த காரம் கிட்டத்தட்ட முழுதும் தீர்ந்துவிட்டது.

இதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம். வினை நடக்கும்போது அமிலம் உண்டாகும் என்று தெரிந்தால், பி.கே.ஏ வேலை பி.எச்-ஐவிடக் கொஞ்சம் கீழே இருக்கும் பொருளை எடுங்கள். அப்போது காரம் கையிருப்பில் அதிகம் இருக்கும். காரம் உண்டாகும் என்றால் மறுபக்கம். பஃபர் இரண்டு பக்கமும் சமமாகத் தாங்கும் என்று நினைப்பது புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. பி.எச்-உம் பி.கே.ஏ-யும் ஒன்றாக இருக்கும் ஒரே புள்ளியில் மட்டும்தான் அது உண்மை.

பொருத்தமும் பார்க்க வேண்டும். கால்சியம் சேர்க்கும் சோதனைக்குப் பாஸ்பேட் ஆகாது. வெள்ளையாக வீழ்படிவு இறங்கிவிடும். புரதத்தின் அமீன் தொகுதியில் எதையாவது ஒட்ட வைக்கும் வினைக்கு டிரிஸ் ஆகாது. டிரிஸிலேயே ஒரு அமீன் இருப்பதால் அது போட்டிக்கு வந்துவிடும்.

## 3. எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்கள்?

டிரிஸின் பி.கே.ஏ ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ 0.028 இறங்கும். பார்க்கச் சின்ன எண். 25 டிகிரியில் 7.5 என்று அளந்த பஃபரைக் குளிர் அறையில் 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் 21 டிகிரி வித்தியாசம், அதாவது பி.எச் சுமார் 8.1. அதையே 37 டிகிரியில் வைத்தால் 7.2-க்குப் பக்கம். குளிரில் புரதத்தைப் பிரித்துவிட்டு 37 டிகிரியில் சோதனை செய்கிறவர் ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு பி.எச் அலகு தூரம் பயணம் போய் வருகிறார்.

"மீட்டரில்தான் தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். அது எலக்ட்ரோடின் (மீட்டரின், கரைசலில் முக்கும் உணரியின்) மின்னழுத்த அளவை மட்டும்தான் திருத்தும். பீக்கருக்குள் இருக்கும் டிரிஸின் வேதியியலை எந்தப் பொத்தானும் திருத்தாது.

வழி இரண்டு. பயன்படுத்தப்போகும் வெப்பநிலைக்கே கரைசலைக் கொண்டுவந்து பி.எச் வைக்கலாம்; அப்போது மீட்டரை அளவுதிருத்தும் தர பஃபர்களும் அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். அல்லது 25 டிகிரியில் எந்த எண்ணுக்கு வைத்தால் அங்கே சரியாக வரும் என்று கணக்கிடலாம். குளிரில் 7.5 வேண்டுமா? அறை வெப்பநிலையில் 6.9. ஆனால் அங்கே நிற்கும்போது டிரிஸ் தன் பி.கே.ஏ-யிலிருந்து ஒரு அலகுக்கு மேல் தள்ளிப் போய்விடுவதால், பி.எச் வைக்கும்போது முள் துள்ளும். இந்த மாதிரி வேலைக்கு நான் ஹெப்பெஸ் பக்கம் போய்விடுவேன். அதன் நகர்வு இதில் பாதிதான். பாஸ்பேட் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை.

## 4. கணக்கு: எடை மட்டுமல்ல, அமிலமும்

எடையை எல்லோரும் போட்டுவிடுவார்கள். 0.5 லிட்டர் × 0.050 மோலார் = 0.025 மோல், அதாவது 25 மில்லிமோல். டிரிஸ் காரத்தின் மோலார் நிறை 121.14. ஆக 3.03 கிராம்.

பலர் இங்கேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். எவ்வளவு அமிலம் போகும் என்பதையும் இப்போதே போட வேண்டும்.

பி.எச் = பி.கே.ஏ + லாக் (காரம் ÷ அமிலம்)

7.5 − 8.07 = −0.57. இதன் எதிர்மடக்கை 0.269. காரம் 0.269 பங்கு என்றால் அமிலம் 1 பங்கு, மொத்தம் 1.269 பங்கு. அமில வடிவத்தின் பங்கு 1 ÷ 1.269 = 0.788. 25 மில்லிமோலில் 0.788 பங்கு என்றால் 19.7 மில்லிமோல்.

டிரிஸைக் காரமாகவே போடுகிறோம். அதில் 19.7 மில்லிமோலை அமில வடிவமாக மாற்ற அதே 19.7 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். 1 மோலார் கரைசலில் அது 19.7 மி.லி. இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். 7-ஆம் படியில் உங்களை வழிநடத்தப்போவது இதுதான்.

லாக் போடும்போது காரம் மேலே, அமிலம் கீழே. தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்ற சந்தேகம் வந்தால் இப்படிச் சரிபாருங்கள்: வேண்டிய பி.எச் பி.கே.ஏ-யைவிடக் கீழே இருந்தால் அமில வடிவம்தான் அதிகம் இருக்க வேண்டும். 0.788 வந்தது, சரி. 0.212 வந்திருந்தால் பின்னம் கவிழ்ந்துவிட்டது என்று பொருள்.

## 5. பாட்டில் லேபிளை வாசித்த பிறகே எடை

டிரிஸ் என்ற பெயரில் இரண்டு பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று டிரிஸ் காரம் (121.14). மற்றது டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு (157.60), அதாவது ஏற்கெனவே முழுக்க அமில வடிவத்தில் இருப்பது. இரண்டும் வெள்ளைத் தூள்.

இரண்டாவதை எடுத்து 3.03 கிராம் போட்டால் இரண்டு தவறு ஒன்றாக நடக்கும். செறிவு 50-க்குப் பதில் 38 மில்லிமோலார். கரைத்ததும் பி.எச் 5-க்கும் கீழே நிற்கும். அதில் போய் நீங்கள் அமிலம் ஊற்றப் பார்ப்பீர்கள்.

பாஸ்பேட் உப்புகளில் சிக்கல் படிக நீரில். டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் நீரற்றதாக இருந்தால் 141.96, 2 நீர் மூலக்கூறு இருந்தால் 177.99, 7 இருந்தால் 268.07, 12 இருந்தால் 358.14. செய்முறைத் தாளில் நீரற்றதற்கான கிராம் எழுதியிருக்க, கையில் 12 நீர் உள்ள பாட்டில் இருந்தால், உங்கள் கரைசலில் தேவையானதில் ஐந்தில் இரண்டு பங்குதான் பாஸ்பேட். அதனால் செய்முறைத் தாளில் உள்ள கிராமை நம்பாதீர்கள், மோலை நம்புங்கள். கிராமைக் கையிலிருக்கும் பாட்டிலின் மோலார் நிறையை வைத்து நீங்களே போடுங்கள்.

## 6. முழு நீரில் கரைக்காதீர்கள்

பீக்கரில் சுமார் 400 மி.லி. நீர் எடுத்து அதில் டிரிஸைக் கரையுங்கள். 500 மி.லி. ஊற்றிவிட்டால் அமிலம் 20 மி.லி. சேரும்போது 520 ஆகிவிடும். சேர்த்ததைத் திருப்பி எடுக்க வழியில்லை.

உப்பு, மெக்னீசியம் குளோரைடு, இ.டி.டி.ஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) போன்றவை செய்முறையில் இருந்தால் அவற்றையும் இப்போதே போடுங்கள், ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் பி.எச்-ஐ அசைக்கும். குறைப்பான்களும் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கச் சேர்ப்பவை) நுரைக்கும் சோப்பு வகைகளும் மட்டும் கடைசியில். குறைப்பான் காற்றுப் பட்டு வீணாகும்; நுரைக்குள் சரியான அளவு பார்க்க முடியாது.

இ.டி.டி.ஏ-வைத் தனியாக 0.5 மோலார் இருப்புக் கரைசலாகச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டைசோடியம் உப்பு எவ்வளவு கலக்கினாலும் பால் மாதிரி நிற்கும். சூடாக்கியும் பயனில்லை என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச் 8-ஐ நெருங்கும்போது தானாகத் தெளியும். அமிலத் தொகுதிகள் புரோட்டானை இழந்து மின்னூட்டம் பெற்ற பிறகே அது நீரோடு ஒத்துப்போகிறது.

டிரிஸ் கரையும்போது கரைசல் கொஞ்சம் குளிரும். பீக்கரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அறை வெப்பநிலைக்குத் திரும்பும் வரை பொறுத்திருங்கள். 3-ஆம் படி நினைவிருக்கட்டும்.

இந்த நேரத்தில் முதல் கணிப்பை எழுதுங்கள். அமிலம் எதுவும் சேர்க்காத டிரிஸ் காரம் இந்தச் செறிவில் பி.எச் சுமார் 10.4 காட்ட வேண்டும்.

## 7. மீட்டர், பிறகு அமிலம்

நாம் போக வேண்டிய இடம் 7.5. ஆகவே அளவுதிருத்தம் 7-லும் 10-லும். பழக்க தோஷத்தில் 4-லும் 7-லும் செய்துவிட்டு 7.5-ஐ அளப்பது, அளவுகோல் முடிந்த பிறகும் கோட்டை நீட்டிப் படிப்பது போல. சாய்வு (பி.எச் மாற்றத்துக்கு எலக்ட்ரோடு எவ்வளவு சரியாகப் பதில் தருகிறது என்ற அளவு) 95 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எலக்ட்ரோடு அழுக்காக இருக்கிறது அல்லது தர பஃபர் பழையது. குறிப்பாக 10-ஆம் தரம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்து இறங்கிவிடும். திறந்து கிண்ணத்தில் கிடந்ததை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

எலக்ட்ரோடைக் கழுவிய பிறகு துடைக்காதீர்கள், மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கண்ணாடிக் குமிழில் நிலைமின்னூட்டம் ஏறி எண் அலைபாயும். கலக்கித் துண்டு சுழலும் மட்டத்துக்கு மேலே அதைப் பிடியுங்கள். உடைந்த குமிழ்களில் பெரும்பாலானவை அந்தத் துண்டு அடித்து உடைந்தவைதான்.

இப்போது பீக்கரில் வையுங்கள். 10.4-ஐ ஒட்டி வந்ததா? வந்தால் தூளும் சரி, மீட்டரும் சரி. 5-க்குக் கீழே காட்டினால் நீங்கள் எடுத்தது மற்ற பாட்டில். அமிலம் ஒரு சொட்டுகூட விடாமலே தவறு பிடிபட்டுவிட்டது.

அடுத்து அமிலம். 19.7 மி.லி. போகும் என்று நமக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே 15 மி.லி. துணிந்து ஊற்றலாம். ஊற்றும் முன் நோட்டில்: 15 மில்லிமோல் அமில வடிவம், 10 மில்லிமோல் காரம், பி.எச் 7.9 வர வேண்டும். ஊற்றிக் கலக்கி, எண் நிற்கும் வரை காத்திருந்து பாருங்கள். பிறகு 18 மி.லி. வரை கொண்டுபோங்கள், 7.66 பக்கம் வரும். அதற்கு மேல் அரை அரை மி.லி.யாக, கடைசியில் சொட்டுச் சொட்டாக.

முதல் சொட்டிலிருந்தே சொட்டுச் சொட்டாக விடுகிறவர்கள் முக்கால் மணி நேரம் நிற்பார்கள். பொறுமை போய்க் கடைசியில் ஒரு ஊற்று ஊற்றி 7.2-க்குப் போய்விடுவார்கள். கணக்குப் போட்டவர் பெரிய அடியைத் தொடக்கத்தில் வைக்கிறார், சின்ன அடிகளை முடிவுக்கு வைத்திருக்கிறார்.

தாண்டிப் போய்விட்டால்? ஒரு மி.லி. அளவுக்குத்தான் தாண்டியது என்றால் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மி.லி. விட்டு மீட்கலாம்; அதனால் கூடும் சோடியம் குளோரைடு 2 மில்லிமோலார்தான். நோட்டில் எழுதிவிடுங்கள். ஆனால் மேலும் கீழுமாக ஆட்டம் போட்டிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு நாள் 20 மில்லிமோலார் பஃபர் ஒன்றுக்கு அமிலம், காரம், அமிலம் என்று ஏழெட்டு முறை ஆடி, கடைசியில் பி.எச்-ஐ இரண்டாவது தசமம் வரை துல்லியமாகக் கொண்டுவந்தேன். பெருமையாக இருந்தது. மறுநாள் அயனிப் பரிமாற்றக் குழாயில் (மின்னூட்டத்தால் புரதத்தைப் பிடித்துப் பிரிப்பது) ஏற்றிய புரதம் ஒட்டவே இல்லை, ஊற்றியபடியே கீழே வந்து சேர்ந்தது. பி.எச்-இல் குறை இல்லை. ஆட்டத்தில் சேர்ந்த உப்புதான் புரதத்தை ஒட்டவிடவில்லை. பி.எச் மீட்டர் உப்பைக் காட்டாது.

## 8. அளவுக்கு நிரப்பி, மறுபடி ஒரு பார்வை

பீக்கரில் உள்ளதை அளவுக்குடுவைக்கு மாற்றி, பீக்கரைக் கொஞ்சம் நீரால் இரண்டு முறை அலசி அதையும் சேர்த்து, 500 மி.லி. கோடு வரை நிரப்புங்கள். பீக்கரின் பக்கவாட்டில் இருக்கும் கோட்டை நம்ப வேண்டாம், அது தோராயம்.

மறுபடி பி.எச் பாருங்கள். நீர்த்ததால் மிகச் சிறிய மாற்றம் வரலாம், 0.05-க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். பத்து மடங்கு அடர் இருப்பாகச் செய்து பின்னர் நீர்க்கிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்பேட் உப்புக் கரைசல் பத்து மடங்கு அடர்த்தியில் சுமார் 6.8 காட்டும், நீர்த்ததும் 7.4-க்கு ஏறும். அடர் கரைசலையே 7.4-க்குத் "திருத்தி" வைத்தவர்கள் பிறகு வேலைக் கரைசலில் 8-ஐ நோக்கிப் போவார்கள். ஏன் இப்படி என்பது அடுத்த படியில்.

## 9. பாஸ்பேட்: பாடநூல் எண் ஏன் கைவிடுகிறது

பாஸ்பேட்டை வழக்கமாக இரண்டு இருப்புக் கரைசல்களைக் கலந்து செய்வோம். 1 மோலார் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் அமிலப் பக்கம், 1 மோலார் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் காரப் பக்கம். அமிலமும் காரமும் தனியாக ஊற்றாததால் உப்புக் கணக்கு தெளிவாக இருக்கும், அதுதான் இந்த முறையின் லாபம்.

0.1 மோலார், பி.எச் 7.0, 1 லிட்டர் வேண்டும். இரண்டு இருப்பும் சேர்ந்து 100 மி.லி. எடுத்து லிட்டராக்க வேண்டும். பி.கே.ஏ 7.20 என்று வைத்து மாணவர் கணக்குப் போடுகிறார்: 7.0 − 7.20 = −0.20, விகிதம் 0.63, காரப் பக்கம் 38.7 மி.லி., அமிலப் பக்கம் 61.3 மி.லி. பிழையே இல்லாத கணக்கு. கலந்து மீட்டரில் வைத்தால் 6.7-க்குக் கீழே நிற்கிறது.

இங்கே மாணவர் மீட்டரைச் சந்தேகப்படுவார். மறுபடி அளவுதிருத்தம் செய்வார். அதே எண். பிறகு தன் கணக்கைச் சந்தேகப்படுவார். உண்மையில் இரண்டிலும் குற்றமில்லை. ஆய்வகங்களில் புழங்கும் அட்டவணை இதே பஃபருக்கு 25 டிகிரியில் காரம் 57.7, அமிலம் 42.3 மி.லி. என்று சொல்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் அங்கே பி.கே.ஏ சுமார் 6.87.

7.20 என்பது கரைசலில் வேறு அயனிகளே இல்லாத, அளவற்று நீர்த்த நிலைக்கான எண். நிஜக் கரைசலில் ஒவ்வொரு அயனியையும் சுற்றி எதிர் மின்னூட்டம் உள்ள அயனிகள் கூட்டமாகச் சூழ்ந்து அதை நிலைப்படுத்துகின்றன. ஒற்றை எதிர்மின்னூட்டம் உள்ள டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைவிட, இரட்டை எதிர்மின்னூட்டம் உள்ள ஹைட்ரஜன் பாஸ்பேட்டுக்கு இந்த ஆதரவு மிக அதிகம். ஆகவே புரோட்டானை விடுவது எளிதாகிறது, நடைமுறை பி.கே.ஏ இறங்குகிறது. நீர்த்தால் கூட்டம் கலைகிறது, பி.கே.ஏ மீண்டும் மேலே ஏறுகிறது. முந்தைய படியில் 6.8 என்பது 7.4 ஆனதன் காரணம் இதுதான்.

டிரிஸில் இந்தத் தொல்லை சிறியது. அதன் அமில வடிவத்துக்கு ஒற்றை நேர்மின்னூட்டம், கார வடிவத்துக்கு மின்னூட்டமே இல்லை. கரைசலில் அயனிகள் பெருகி அயனி வலிமை கூடினால் பி.கே.ஏ கொஞ்சம் ஏறும், அவ்வளவே.

நடைமுறையில் செய்ய வேண்டியது: பாஸ்பேட்டுக்கு 0.1 மோலார் பக்கம் கணக்குப் போடும்போது 6.8-இலிருந்து 6.9-க்குள் ஒரு எண்ணை வைத்துத் தொடங்குங்கள். வந்த விகிதத்தில் கலந்து, சிறு விலகலை இரண்டு இருப்பில் ஒன்றைக் கூட்டிச் சரிசெய்யுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில் பக்கம் போகவே வேண்டாம்.

## 10. லேபிளும் சேமிப்பும்

லேபிளில்: பொருள், செறிவு, பி.எச், எந்த வெப்பநிலையில் அளந்தது, தேதி, உங்கள் பெயர். "டிரிஸ் 7.5" என்று மட்டும் எழுதிய பாட்டில் அடுத்தவருக்கு விடுகதை.

பாஸ்பேட்டில் நுண்ணுயிர்கள் எளிதில் வளரும். வடிகட்டியோ ஆட்டோகிளேவ் செய்தோ வையுங்கள், கலங்கினால் கொட்டிவிடுங்கள். அடர் சோடியம் பாஸ்பேட்டைக் குளிரில் வைத்தால் படிகமாகி அடியில் உட்கார்ந்துவிடும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் பிப்பெட் செய்தால் செறிவும் தவறு, விகிதமும் தவறு. சூடுபடுத்தி முழுவதும் கரைந்த பிறகே எடுக்க வேண்டும். புரதத்தைச் சோடியம் பாஸ்பேட்டில் வைத்து உறைய வைப்பதும் ஆபத்து: உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாக வெளியேற, மிச்சமிருக்கும் திரவத்தின் பி.எச் வெகுவாக இறங்கிவிடும்.

எலக்ட்ரோடைத் தூய நீரில் ஊற வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளிருக்கும் உப்பு கசிந்து வெளியேறி அதன் ஆயுள் குறையும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள்.

## 11. எண் ஒத்துப்போகாதபோது எங்கே தேடுவது

தொடக்க பி.எச்-ஏ வேறாக இருந்தால் தவறு பாட்டிலில். 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

தொடக்கம் சரி, ஆனால் கணித்த அமிலத்தில் பாதியிலேயே பி.எச் வந்துவிட்டது என்றால் எடை குறைந்திருக்கிறது, அல்லது அமிலம் நீங்கள் நினைத்த 1 மோலார் இல்லை. அந்த அமில பாட்டிலில் யார் எப்போது தயாரித்தது என்று பாருங்கள். முழு அளவு ஊற்றியும் வராவிட்டால் மறுதலை.

எண் நிற்காமல் மெதுவாக ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருந்தால், கரைசல் இன்னும் அறை வெப்பநிலைக்கு வரவில்லை, அல்லது எலக்ட்ரோடின் நுண்துளைச் சந்தி அடைத்திருக்கிறது. புரதக் கரைசல்களுக்குப் பயன்படுத்திய எலக்ட்ரோடுகளில் இது சகஜம். வேறொரு எலக்ட்ரோடில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

0.3 அளவுக்கு விலகல், டிரிஸ் என்றால் முதலில் வெப்பமானியை எடுங்கள். பாஸ்பேட் என்றால் 7.20-ஐ வைத்துக் கணக்குப் போட்டீர்களா என்று நோட்டைப் பாருங்கள். மீட்டரைச் சந்தேகப்படுவது அதற்கும் பிறகுதான்.